குளிர்காலக் கயாக் மீன்பிடிப்புக்கு வேடர்ஸும் டிரை டாப்பும்: ஒரே உடையாகப் பார்த்து வாங்குங்கள்

குளிர்காலத்தில் கயாக்கில், அதாவது ஒடுக்கமான துடுப்புப் படகில், மீன் பிடிக்க ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் வேடர்ஸ் (பாதத்திலிருந்து மேலே வரும் நீர்புகாத கால்சட்டை) வாங்குகிறார்கள். கொஞ்ச நாள் கழித்து, துடுப்பு போடும்போது கையும் மேல்சட்டையும் நனைகிறதே என்று டிரை டாப் (கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கி மூடும் நீர்புகாத மேல்சட்டை) வாங்குகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நல்ல சரக்காகத்தான் இருக்கும். ஆனால் ஆள் தண்ணீரில் விழுந்தால் இரண்டும் சேரும் இடத்தில், அதாவது இடுப்பைச் சுற்றி, தண்ணீர் உள்ளே போய்விடும். யார் வந்து கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கீழே ஒன்று, மேலே ஒன்று என்று யோசிக்காதீர்கள். இரண்டையும் சேர்த்து ஒரே உடையாக நினைத்து வாங்குங்கள். ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தால், மற்றதை அதன் மேல் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

நான் மேலே உட்கார்ந்து ஓட்டும் சிட்-ஆன்-டாப் கயாக்கில், பெடல் மிதித்துப் போய் மீன் பிடிக்கிறவன். குளிர் தொடங்கும் முன் நண்பர்கள் தங்கள் உடைகளை எடுத்து வருவார்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தையல், சீல் (கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீர் புகாமல் இறுக்கிப் பிடிக்கும் பட்டை), ஓட்டை என்று பார்த்துக் கொடுப்பேன். கீழே வருவதெல்லாம் அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்குப் பிடிபட்டவை.

தண்ணீரின் சூட்டைப் பார்த்து உடுத்துங்கள்

வசந்தம் தொடங்கும் நாட்களில் காற்று 20 டிகிரி செல்சியஸ் இருக்கும், வெயில் இதமாக அடிக்கும். ஆனால் அதே நாளில் ஏரித் தண்ணீர் 7, 8 டிகிரியில் இருக்கலாம். மிக ஆபத்தான நாட்கள் இவைதான், ஏனென்றால் கரையில் நிற்கும்போது எதுவும் போடத் தோன்றாது. தண்ணீர் உடம்பின் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துவிடும். ஒரு சாதாரண வெப்பமானியை நூலில் கட்டித் தண்ணீரில் இறக்கிப் பாருங்கள். அந்த எண்தான் உங்கள் உடையைத் தீர்மானிக்க வேண்டும்.

15 டிகிரிக்குக் கீழே இருக்கும் தண்ணீரில் திடீரென்று விழுந்தால் முதலில் வருவது குளிர் அதிர்ச்சி. நாம் கேட்காமலே வாய் திறந்து ஒரு பெரிய மூச்சை இழுப்போம். அந்த நொடியில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போகும். அப்புறம் மூச்சு தாறுமாறாக வாங்கும். குளிரில் உடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஆராய்ந்த கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், இதை 1-10-1 என்று நினைவில் வைக்கச் சொல்கிறார்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கை கால் உருப்படியாக வேலை செய்ய 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்பும் முன் ஏறத்தாழ 1 மணி நேரம். உறைநிலைக்கு அருகில் இருக்கும் தண்ணீரை வைத்துச் சொன்ன கணக்கு இது.

இதை உடையோடு பொருத்திப் பாருங்கள். குளிர் அதிர்ச்சிக்குக் காரணம் தோல் சட்டென்று குளிர்வது. நெஞ்சும் முதுகும் வயிறும் அந்த நொடியில் காய்ந்தே இருந்தால் அதிர்ச்சி வெகுவாகக் குறையும். டிரை டாப் செய்யும் முதல் வேலை இதுதான். அடுத்த 10 நிமிடம் கயாக்கில் திரும்ப ஏற வேண்டிய நேரம். அதற்கு வேடர்ஸுக்குள் தண்ணீர் சேராமல், கால்கள் இலேசாக இருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை நீட்டிப்பது உள்ளே போட்டிருக்கும் கம்பளியும் ஃப்ளீஸ் என்னும் மெத்தென்ற செயற்கைத் துணியும்.

வாங்கும் முன்பே ஒரு எல்லையைச் சொல்லிவிடுகிறேன். வேடர்ஸும் டிரை டாப்பும் எவ்வளவு நன்றாகச் சேர்ந்தாலும் அது டிரை சூட் (மேலும் கீழும் ஒரே துண்டாக வரும் நீர்புகாத உடை) ஆகாது. தண்ணீரில் கிடக்கக் கிடக்க இடுப்பு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரத்தான் செய்யும். கரைக்குப் பக்கத்தில், சிறிய ஏரியில், மெதுவாக ஓடும் ஆற்றில், கூட இன்னொருவரோடு போகிறீர்கள் என்றால் இந்தச் சேர்க்கை நல்ல பாதுகாப்பு. தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போய், கரையும் எட்டாத தூரத்தில் இருக்கிறது என்றால் டிரை சூட் வாங்குங்கள். இல்லாவிட்டால் அன்று கரையோரமாகவே இருங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

வேடர்ஸ் நிறைந்தால் ஆளை அமுக்கிவிடுமா?

எல்லோரும் கேட்கிற கேள்வி. தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்குத் தனி எடை கிடையாது. வேடர்ஸ் நிறைந்தாலும் அது உங்களைக் கீழே இழுக்காது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால் மிதப்பீர்கள். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. கயாக்கில் ஏற ஒரு காலைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்குகிறீர்கள். அந்தக் காலுக்குள் 10 லிட்டர் தண்ணீர் இருந்தால், தண்ணீரைவிட்டு வெளியே வந்த நொடியில் அது 10 கிலோ. மரத்துப்போன கைகளோடு அதைத் தூக்கவே முடியாது. உள்ளே புகுந்த தண்ணீர் நகர்ந்துகொண்டே இருப்பதால் சூட்டையும் கொண்டுபோய்விடும். வேகமாக ஓடும் ஆற்றில் இதெல்லாம் இன்னும் மோசமாகும், நீரோட்டம் நிறைந்த வேடர்ஸைப் பிடித்து இழுக்கும். அப்படிப்பட்ட ஆற்றுக்கு வேடர்ஸ் வேண்டவே வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. காலுக்குள் காற்று அடைபட்டிருந்தால் விழுந்ததும் கால்கள் மேலே வரப் பார்க்கும். அதனால் தண்ணீரில் இறங்கும் முன் காற்றை வெளியே தள்ள வேண்டும். பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, முழங்காலை மடித்து நன்றாகக் குந்துங்கள்; கழுத்துச் சீலை இரண்டு விரலால் கொஞ்சம் விலக்கிப் பிடியுங்கள். புஸ்ஸென்று காற்று வெளியேறுவது காதில் கேட்கும். துணி உடம்போடு ஒட்டியதும் சீலை விட்டுவிட்டு, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு எழுந்திருங்கள்.

எந்த வேடர்ஸ்?

இடுப்பு வரைக்கும் தொடை வரைக்கும் வருபவை கயாக்குக்கு உதவாது. நெஞ்சு வரை வருவது மட்டும்தான். பி.வி.சி., ரப்பர் வேடர்ஸும் வேண்டாம். கனம், வியர்வை, உட்கார்ந்தால் மடிப்பில் வெடிப்பு.

மிச்சம் இரண்டு வகை. நியோப்ரீன் (நுரை போன்ற செயற்கை ரப்பர்) வேடர்ஸ் 3 முதல் 5 மி.மீ. தடிமனில் கிடைக்கும். அது தானே சூடு தரும், கொஞ்சம் மிதக்கவும் செய்யும். அசையாமல் ஒரே இடத்தில் நங்கூரம் போட்டு உட்காருகிறவருக்கு அது பொருந்தும். பெடல் மிதிப்பவருக்கோ நீண்ட தூரம் துடுப்பு போடுபவருக்கோ பொருந்தாது. அரை மணியில் உள்ளே வியர்வையில் நனைந்து, அப்புறம் நின்றதும் அந்த ஈரமே குளிரும். மூச்சுவிடும் சவ்வு வைத்த வேடர்ஸ் வியர்வை ஆவியை வெளியே விடும், ஆனால் அதற்கு என்று சூடு எதுவும் கிடையாது. உள்ளே என்ன போடுகிறீர்களோ அதுதான் சூடு. நான் தேர்ந்தெடுப்பது எப்போதும் இந்த வகைதான், ஏனென்றால் குளிருக்குத் தக்கபடி உள்ளாடையை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

சவ்வு வகையில் எத்தனை அடுக்கு, எத்தனை ஆயிரம் மி.மீ. நீரழுத்தம் தாங்கும் என்றெல்லாம் அட்டையில் எழுதியிருக்கும். 10,000, 20,000 என்று எண்களை ஒப்பிட்டு மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது புதுத் துணியைச் சோதனைக் கூடத்தில் அளந்தது. கயாக்கில் நீங்கள் மணிக்கணக்கில் ஈரமான இருக்கையில் உங்கள் முழு எடையையும் வைத்து உட்காருகிறீர்கள்; பெடல் மிதிக்கும்போது உட்காருமிடம் உரசிக்கொண்டே இருக்கிறது. அதனால் கடையில் வேடர்ஸைத் திருப்பிப் போட்டுப் பின்புறத்தைப் பாருங்கள். உட்காருமிடத்திலும் முழங்காலிலும் கூடுதல் துணி வைத்துத் தைத்திருக்கிறார்களா? ஆற்றில் நின்று பிடிப்பவர்களுக்காகச் செய்த சில வேடர்ஸில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் மட்டும் கூடுதல் துணி இருக்கும், பின்பக்கம் மெல்லிசாக விட்டிருப்பார்கள். அவை நமக்கு ஆகாது.

அடுத்து தையல். தொடையின் உட்பக்கமாக மேலே ஓடி, கவட்டையில் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் சந்திக்கிற மாதிரி இருந்தால், ஒழுகல் பெரும்பாலும் அந்தப் புள்ளியில்தான் ஆரம்பிக்கும். நண்பர்கள் கொண்டுவரும் பழைய வேடர்ஸில் நான் முதலில் விரல் வைத்துப் பார்ப்பது அங்கேதான். உள்ளே ஒட்டிய நாடாவின் ஓரம் நகத்தில் தட்டுப்பட்டால் அது உரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். தையலைத் தொடையின் முன்னோ பின்னோ தள்ளிவைத்திருக்கும் வெட்டு கிடைத்தால், கொஞ்சம் அதிகம் கொடுத்தாவது அதை வாங்குங்கள்.

நெஞ்சுப் பகுதியைப் பலர் தலைகீழாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரிய பைகள், கை சூடேற்றும் ஃப்ளீஸ் பை, நடுவில் முன் ஜிப் எல்லாம் இருப்பதைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். நின்று பிடிக்கிறவருக்கு அவை அருமை. நமக்கு அந்த நெஞ்சுப் பகுதி டிரை டாப்புக்கு அடியில் போய்விடும். பையில் கைவிடவே முடியாது, தடிப்பாக நின்று டிரை டாப்பின் இடுப்பை உட்காரவிடாமல் செய்யும். சப்பையாக, வழுவழுப்பாக, ஒன்றுமே இல்லாத நெஞ்சுதான் நமக்கு வேண்டியது. முன் ஜிப் சிறுநீர் கழிக்க வசதி என்பது உண்மைதான்; ஆனால் லைஃப் ஜாக்கெட்டையும் டிரை டாப்பையும் கழற்றிய பிறகுதான் அந்த ஜிப் கைக்கு வரும் என்பதால் அந்த வசதியில் பாதி போய்விடுகிறது.

அளவு பார்ப்பதை நின்றுகொண்டு செய்யாதீர்கள். உள்ளே போடப்போகும் தடித்த உடையையும் போட்டுக்கொண்டு, கடைத் தரையில் கால் நீட்டி உட்காருங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடித்து, கயாக்கில் உட்காருவது போல. தோள்வார் இழுக்கிறதா? கவட்டை பிடிக்கிறதா? அப்புறம் ஒரு முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டு வாருங்கள், கயாக்கில் ஏறும்போது கால் அந்த உயரத்துக்கு வந்தாக வேண்டும். துணி தடுத்தால் ஒரு அளவு பெரிது பாருங்கள். அதற்காகப் பொதபொதவென்றும் வேண்டாம். மிஞ்சிய துணி இடுப்பில் மடிப்பு மடிப்பாக நிற்கும், ஒவ்வொரு மடிப்பும் தண்ணீர் போக ஒரு வாய்க்கால்.

பாதம்

பூட்ஸ் சேர்த்தே ஒட்டிய வேடர்ஸ் உண்டு, காலுறை போல நியோப்ரீன் பாதம் வைத்தது உண்டு. கயாக்குக்கு இரண்டாவது. ஒட்டிய பூட்ஸ் கனமும் பெரிதுமாக இருக்கும், நீந்தும்போது காலை அசைக்கவிடாது, பெடலிலும் சரியாக உட்காராது. காலுறை வகை வாங்கி, அதன் மேல் மெல்லிய ரப்பர் அடி வைத்த துடுப்புப் பூட்ஸ் போடுங்கள்.

அந்தப் பூட்ஸை உங்கள் வழக்கமான அளவில் வாங்கினால் விரல்கள் மரத்துவிடும். உள்ளே கம்பளிக் காலுறை, அதன் மேல் வேடர்ஸின் நியோப்ரீன், அப்புறம்தான் பூட்ஸ். விரல்களை உள்ளே மடக்கி நீட்ட இடம் இருக்க வேண்டும். இறுகினால் இரத்த ஓட்டம் குறையும், எத்தனை காலுறை போட்டாலும் குளிரும். ஆணி வைத்த அடி கயாக்கின் பிளாஸ்டிக்கைக் கிழிக்கும். ஃபெல்ட் (அழுத்திச் செய்த தடித்த இழைத் துணி) அடியில் பனி ஒட்டி உறைந்து கட்டியாகும். ஈரம் காயாமல் ஒரு நீர்நிலையின் நுண்பாசியை இன்னொன்றுக்குக் கொண்டு போகும் என்பதால் நியூசிலாந்தில் 2008 முதல் அதற்குத் தடையே இருக்கிறது. நாடா இருந்தால் முனையை உள்ளே செருகிவிடுங்கள். கவிழும்போது பெடலில் மாட்டக்கூடிய எதுவும் காலில் தொங்கக் கூடாது.

டிரை டாப்: கழுத்து, மணிக்கட்டு, தோள்

கழுத்திலும் மணிக்கட்டிலும் லேட்டெக்ஸ் (மெல்லிய இழுபடும் ரப்பர்) சீல் இருந்தால் அது முழு டிரை டாப். கழுத்தில் மட்டும் நியோப்ரீன் இருந்தால் செமி-டிரை என்பார்கள். வெறும் வெல்க்ரோ பட்டை இருந்தால் அது தெறிக்கும் தண்ணீருக்கான ஜாக்கெட்; விழுந்தால் காப்பாற்றாது, விலையைப் பார்த்து அதில் ஏமாறாதீர்கள்.

மணிக்கட்டில் லேட்டெக்ஸைத் தவிர வேறு எதையும் நான் ஏற்பதில்லை. மீனைத் தூக்கும்போதும் நங்கூரக் கயிற்றை இழுக்கும்போதும் கை தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருக்கும். வெல்க்ரோ மணிக்கட்டு வழியாக முழங்கை வரை நனைந்து, விழாமலே குளிர்ந்துவிடுவீர்கள். கழுத்தில் லேட்டெக்ஸ் நாள் முழுக்க இறுக்கிப் பிடிக்கும், திரும்பித் திரும்பிப் பார்த்து மீன் பிடிக்கிறவருக்கு அது உரசும். கரையோரம் மட்டும் போகிறவருக்கு நல்ல இறுக்கமான நியோப்ரீன் கழுத்தே போதும் என்பது என் கருத்து. அதில் ஊறும் கொஞ்சத் தண்ணீர், இடுப்பு வழியாக வரக்கூடியதைவிடக் குறைவுதான். லேட்டெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் சிலிக்கோன் சீல் உள்ளதைத் தேடுங்கள்.

புது லேட்டெக்ஸ் இறுக்கமாகத்தான் வரும். உடனே கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். கழுத்தளவைவிடக் கொஞ்சம் பெரிய பாத்திரத்தின் மேல் சீலை இழுத்து மாட்டி ஓர் இரவு விடுங்கள், கொஞ்சம் தளரும். அதற்கு மேலும் மூச்சு முட்டினால், தலை சுற்றினால், முகத்தில் இரத்தம் கட்டினால் வெட்டத்தான் வேண்டும். சீலில் வளையம் வளையமாக வரம்புகள் இருக்கும். ஒரு தடவைக்கு ஒரு வளையம் மட்டும், நல்ல கூர்மையான கத்தரிக்கோலால், பாத்திரத்தின் மேல் இழுத்துப் பிடித்தபடி, கத்தரியை முழுக்க மூடாமல் ஒரே ஓட்டமாக வெட்டுங்கள். ஓரத்தில் சின்னப் பிசிறு விட்டாலும் தலையை நுழைக்கும் ஒரு நாளில் அங்கிருந்து கிழியும். போட்டுப் பாருங்கள், கொஞ்ச நேரம் இருங்கள், அப்புறம்தான் அடுத்த வளையம். வெட்டியதை ஒட்ட முடியாது.

மணிக்கட்டுச் சீல் சரியா என்று பார்க்க விரல்களைக் கவனியுங்கள். பத்து நிமிடத்தில் நிறம் மாறினாலோ குறுகுறுத்தாலோ இறுக்கம் அதிகம். விரல் மரத்தால் முடிச்சுப் போட முடியாது, தூண்டில் முள்ளைக் கழற்ற முடியாது, அவசரத்தில் பெல்ட் பக்கிளையும் திறக்க முடியாது. கைக்கடிகாரத்தைச் சீலுக்கு அடியில் கட்டாதீர்கள், மேலே கட்டுங்கள்.

தோளைச் சோதிக்க, கடையிலேயே லைஃப் ஜாக்கெட்டையும் மேலே போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடி தூண்டில் வீசுவது போலக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வீசிப் பாருங்கள். துடுப்பு போடுவதற்கென்று வெட்டிய சில டாப்புகளில் கை முன்னே எளிதாகப் போகும், தலைக்கு மேலே தூக்கினால் மட்டும் இடுப்புப் பட்டை மேலே ஏறிவிடும். ஒவ்வொரு வீச்சுக்கும் இடுப்பு ஏறினால் சீல் எப்படி நிற்கும்?

நிறத்தைப் பற்றி ஒரே ஒரு வரி: வேடர்ஸ் பெரும்பாலும் மண் நிறத்திலும் பாசி நிறத்திலும்தான் வரும், அதனால் டாப்பாவது பளிச்சென்ற ஆரஞ்சாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கட்டும்.

இடுப்பு

இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். டிரை டாப்பின் கீழ்ப்பகுதியைத் தூக்கிப் பாருங்கள். நல்ல டாப்பில் இரண்டு பாவாடை இருக்கும்: உள்ளே ரப்பர் பிடிப்பு வைத்த ஒன்று, வெளியே வெல்க்ரோ பட்டையோடு ஒன்று. இது உண்மையில் மூடிய கயாக்கில் மடியை மூடும் ஸ்பிரே ஸ்கர்ட்டை நடுவில் நுழைத்துக்கொள்ளச் செய்தது. சிட்-ஆன்-டாப்பில் அந்த ஸ்கர்ட் கிடையாது என்பதால், இரட்டைப் பாவாடை தேவையில்லை என்று கடைக்காரரே சொல்லக்கூடும். நம்பாதீர்கள். வேடர்ஸோடு சேர்த்து மூட நமக்கு அந்த இரண்டும் வேண்டும். இடுப்பில் வெறும் இழுகயிறு மட்டும் உள்ள டாப்பை வாங்காதீர்கள்.

போடும் விதம் இப்படி. வேடர்ஸை மேலே இழுத்து, தோள்வாரைப் போட்டு, நெஞ்சுத் துணியைக் கையால் தடவிச் சப்பையாக்குங்கள். டாப்பைத் தலைவழி போடுங்கள். உள்பாவாடையை வேடர்ஸின் மேல், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, சுற்றிலும் சமமாக இறக்குங்கள். மடிந்திருக்கிறதா என்று கட்டைவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். முதுகுப் பக்கம்தான் பெரும்பாலும் சுருண்டிருக்கும், கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வேடர்ஸில் மிஞ்சிய துணி இருந்தால் அதைச் சின்னச் சின்ன மடிப்பாகப் பரவவிடாமல், ஒரு பக்கம் ஒரே தட்டை மடிப்பாக மடித்துக்கொள்ளுங்கள். இப்போது உள்பாவாடைக்கு மேலே வேடர்ஸ் பெல்ட்டைக் கட்டி இறுக்குங்கள். அகலமான, இழுபடும் பெல்ட்டாக இருந்தால் உட்கார்ந்து எழும்போதும் பிடிப்பு விடாது. கடைசியாக வெளிப்பாவாடையைப் பெல்ட் மறையும்படி இறக்கி வெல்க்ரோவை மூடுங்கள்.

இப்படிச் செய்தால் தண்ணீர் முதலில் வெளிப்பாவாடைக்குள் நுழைந்து, பெல்ட்டின் அழுத்தத்தைத் தாண்டி, உள்பாவாடையின் ரப்பரைத் தாண்டி, அப்புறம் வேடர்ஸின் வெளிப்புறமாக நெஞ்சு வரை ஏறினால்தான் உள்ளே விழ முடியும். சில நிமிடம் நீந்தி ஏறுவதற்கு அது தாராளம். பெல்ட்டை எல்லாவற்றுக்கும் மேலே, வெளியே கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். அதிலும் பயன் இருக்கிறது, ஆனால் உள்பாவாடை கீழே சுருண்டு போனாலும் வெளியே இருந்து தெரியாது.

இன்னும் எதுவுமே வாங்கவில்லை என்றால், வேடர்ஸுக்குப் பதிலாகத் துடுப்புப் போடுகிறவர்களுக்கான பிப் வகை டிரை பேன்ட்டையும் (நெஞ்சு வரை வரும் நீர்புகாத கால்சட்டை) பாருங்கள். துணிப் பாதம் சேர்ந்தே வரும். அதில் இடுப்பைச் சுற்றி டாப்பின் உள்பாவாடையோடு சேர்த்துச் சுருட்டவே ஒரு துணிக் குழல் வைத்திருப்பார்கள். இரண்டையும் ஒன்றாகப் பிடித்து மூன்று, நான்கு சுற்று கீழ்நோக்கிச் சுருட்டினால் வேடர்ஸைவிட நன்றாகவே மூடும். கரையில் நின்று பாறைகளில் நடந்தும் பிடிக்கிறவருக்கு மட்டும் வேடர்ஸின் தடித்த துணி மேல்.

உள்ளேயும் மேலேயும்

உள்ளே பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும். தோலோடு ஒட்டியது மெல்லிய பாலியெஸ்டரோ மெரினோ கம்பளியோ. அதன் மேல் ஃப்ளீஸ். மேலும் கீழும் சேர்ந்த ஒரே துண்டு உள்ளாடை கிடைத்தால் இடுப்பில் துணி திரளாது. கரையில் நிற்கும்போது லேசாகக் குளிர்கிற அளவுக்குப் போட்டால் சரியாக இருக்கும்.

லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் மேலே. குளிர்காலத்துக்கு நுரை வைத்ததாகவே இருக்கட்டும். மூச்சு தாறுமாறாக வாங்கும் அந்த முதல் நிமிடத்தில் கயிற்றை இழுத்து ஊதவைக்க வேண்டிய வகையை நான் நம்பமாட்டேன். முழு உடையோடு போட்டுப் பார்த்து வார்களை நீளமாக்கிக்கொள்ளுங்கள், கோடையில் சரியாக இருந்தது இப்போது பத்தாது. நெஞ்சில் பெரிய பெட்டி போலப் பை இருந்தால் கயாக்கில் வயிற்றால் ஏறும்போது விளிம்பில் மாட்டும்.

தண்ணீரில் சோதனை

கடையில் பார்த்ததெல்லாம் பாதிதான். முதல் மீன்பிடிப்புக்கு முன், கரையோரம் நெஞ்சளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்து, கயாக்கோடு இறங்குங்கள். மாற்றுத் துணியும் சூடான பானமும் கரையில் இருக்கட்டும். உள்ளே சாம்பல் நிற உள்ளாடை போட்டுக்கொள்ளுங்கள். நான் எல்லோரையும் அப்படித்தான் போடச் சொல்வேன், ஏனென்றால் சாம்பல் துணியில் ஈரம் பட்ட இடம் கறுத்துத் தெரியும்.

காற்றை வெளியே தள்ளிவிட்டு மல்லாந்து மிதங்கள். கொஞ்சம் நீந்துங்கள். கயாக்கைக் கவிழ்த்து, நிமிர்த்தி, ஏறுங்கள். திரும்ப விழுந்து திரும்ப ஏறுங்கள். கரைக்கு வந்து டாப்பைக் கழற்றியதும் உள்ளாடையை வெளிச்சத்தில் பாருங்கள். கழுத்துக்குக் கீழே வட்டமாகக் கறுத்திருந்தால் கழுத்துச் சீல். முன்கையில் கோடாக இருந்தால் மணிக்கட்டின் தசைநார்கள் புடைக்கும் பள்ளத்தில் நீர் வந்திருக்கிறது. சீலை அரை அங்குலம் மேலே தள்ளிப் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். வயிற்றில் பட்டையாக இருந்தால் உள்பாவாடை சுருண்டிருக்கிறது. கவட்டையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் இருந்தால் தையல். முதுகிலும் அக்குளிலும் பரவலான ஈரம் என்றால் அது உங்கள் வியர்வை, உடையைக் குறை சொல்லாதீர்கள். வாங்கிய இடத்தில் மாற்றித் தருவார்கள் என்றால் இந்தச் சோதனையை அந்தக் கெடுவுக்குள் செய்துவிடுங்கள்.

பராமரிப்பு

உப்புத் தண்ணீரில் போனால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். உள்ளும் புறமும் காயவிட்டு, தொங்கவிட்டு வையுங்கள். மடித்து அடுக்கினால் மடிப்பில் சவ்வு போகும். முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்த நீர்நிலைக்கு எடுத்துப் போங்கள். மேல்துணியில் தண்ணீர் முத்தாக உருளாமல் பரவி ஊறினால் ஒழுகுகிறது என்று பயப்பட வேண்டாம், நீர்விலக்குப் பூச்சு தேய்ந்திருக்கிறது. அதற்கென்ற சோப்பில் துவைத்துப் பூச்சைப் புதுப்பிக்கலாம். துணி மென்மையாக்கும் திரவம் மட்டும் கூடாது. லேட்டெக்ஸுக்கு எதிரிகள் வெயில், சன்ஸ்கிரீன், கொசு விரட்டி, எண்ணெய். கிரீம் பூசிய கையைத் துடைக்காமல் சீலைத் தொடாதீர்கள். சீலில் நுண்ணிய வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் அந்தக் குளிர்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

ஊசி ஓட்டைகள் தவிர்க்க முடியாதவை. தூண்டில் முள் குத்தும், மீனின் முதுகு முள் குத்தும். சவ்வு வேடர்ஸை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தெளிப்பானில் ஊற்றி அடியுங்கள். ஓட்டை இருக்கும் இடம் கறும்புள்ளியாகத் தெரியும். பேனாவால் வட்டமிட்டு, காயவிட்டு, யூரித்தேன் பசையை ஒரு சின்ன வட்டமாக வைத்து விரலால் பரப்புங்கள். நியோப்ரீனுக்கு இந்த வழி ஒத்துவராது; உள்ளே காற்றடைத்து வெளியே சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை. யூரித்தேன் பசை இறுகுவதற்கு ஓர் இரவு முழுக்க ஆகும், குளிரான அறையில் இன்னும் அதிகமாகும். சனிக்கிழமை காலை கிளம்புவதாக இருந்தால் வியாழக்கிழமையே ஒட்டிவிடுங்கள்.